அலை நம் வாசலில்தான் உடைகிறது

சென்ற ஆகஸ்ட் விடுமுறையில் என் மகளை இலங்கையின் கிழக்குக் கரையிலுள்ள அறுகம்பேக்குக் கூட்டிப்போய் இரண்டு நாள் அலைச்சறுக்குப் பழக விட்டேன். அவளுக்கு வயது 13. பலகையின்மேல் அவள் நிற்கும் படத்தைப் போட்ட நாளிலிருந்து தொலைபேசி ஓயவில்லை. பெண்பிள்ளைக்கு இது எதற்கு என்றார்கள். வெயிலில் கறுத்துவிடுவாள், நாளைக்கு யார் கட்டுவார் என்றார்கள். ஓர் உறவினர் மட்டும், "சுனாமியில் பெரியம்மாவைக் கொடுத்த குடும்பம், அதற்குள் மறந்துவிட்டீர்களா?" என்று கேட்டார். அவருக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

மறக்கவில்லை. 2004 டிசம்பர் 26 அன்று இலங்கையிலேயே அதிகமான உயிர்களை இழந்தது எங்கள் அம்பாறை மாவட்டம். கல்முனையில் பெரியம்மாவின் வீட்டிலிருந்து கடலுக்கு இருநூறு அடி தூரம்கூட இல்லை. நீச்சல் தெரிந்திருந்தால் பிழைத்திருப்பார் என்று நான் சொல்லமாட்டேன். காலமெல்லாம் கடலில் கிடந்த மீனவர்களையே அந்த அலை வாரிக்கொண்டு போனது. ஆனால் அதற்குப் பிறகு நாங்கள் என்ன செய்தோம்? கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டோம். அம்மா கட்டிய புது வீட்டில் கிழக்குப் பக்கம் ஒரு ஜன்னல்கூட இல்லை. சுனாமிக்குப் பிறகு பிறந்த பிள்ளைகள், தாங்கள் காணாத அலைக்குப் பயந்து வளர்கிறார்கள். என் மகளும் அப்படித்தான் வளர்ந்தாள். கரையில் நுரை காலைத் தொட்டாலே பின்னால் ஓடுவாள்.

இதே கடலைத் தேடி உலகமே வருகிறது. தெற்கே வெகுதூரத்தில், இந்து சமுத்திரத்தின் புயல்கள் கிளப்பும் அலைகள் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் ஓடிவந்து அறுகம்பே முனையில் வளைந்து, ஒரு நுனியிலிருந்து மறு நுனிவரை பாய் சுருட்டுவதுபோல ஒழுங்காக உடைகின்றன. மே முதல் செப்டெம்பர் வரை இதுதான் பருவம். அந்த மாதங்களில் நம் பக்கம் வீசும் கச்சான் காற்று, நிலத்திலிருந்து கடலை நோக்கிப் போகிற காற்று. பயிரை வாட்டுகிறது, உடம்பை எரிக்கிறது என்று நாம் திட்டும் அதே காற்றுதான் விடியற்காலையில் அலையின் முகத்தைக் கண்ணாடிபோல வழவழப்பாக்குகிறது. பிரான்சிலிருந்தும் இஸ்ரேலிலிருந்தும் ஆஸ்திரேலியாவிலிருந்தும் விமானமேறி வருகிறவர்கள் அதற்காகத்தான் ஐந்து மணிக்கே எழுந்து பலகையோடு நடக்கிறார்கள்.

நம் குடும்பங்களும் வருகின்றன. வேன் பிடித்து, பிரியாணி கட்டிக்கொண்டு வந்து, முழங்கால்வரை நனைந்து, படமெடுத்துவிட்டு, பொழுது சாயுமுன் திரும்பிவிடுகின்றன. வெள்ளைக்காரர் அலையில் போவதை நின்று வேடிக்கை பார்க்கிறோம். கடல் நம்முடையது, விளையாட்டு அவர்களுடையது என்று யார் நமக்குப் பிரித்துக் கொடுத்தது?

மகளுக்குச் சொல்லிக்கொடுத்தவர் பக்கத்து ஊரான பொத்துவிலைச் சேர்ந்த இளைஞர், மீன்பிடிக் குடும்பம். முதல் அரை மணி நேரம் அவளைத் தண்ணீரில் இறக்கவே இல்லை. மணலில் பலகையை வைத்து, அதன்மேல் குப்புறப் படுக்கச் சொல்லி, கையை ஊன்றி ஒரே மூச்சில் எழும்பப் பழக்கினார். பிறகு கடலைக் காட்டினார். "அங்கே பார் தங்கச்சி, இரண்டு பக்கமும் அலை உடைகிறது, நடுவில் மட்டும் உடையவில்லை. அமைதியான இடம் என்று நினைப்பாய். கரைக்கு வந்த தண்ணீர் திரும்பிப் போகும் வழி அது. அதில் அகப்பட்டால் கரையை நோக்கி நீந்தாதே, களைத்துவிடுவாய். பக்கவாட்டில் நீந்தி வெளியே வா." எனக்கு 40 வயது. கடற்கரையில் பிறந்தவள். இதை என் வாழ்நாளில் ஒருவரும் எனக்குச் சொல்லித்தரவில்லை.

எத்தனை முறை விழுந்தாள் என்று எண்ணுவதை இருபதோடு விட்டுவிட்டேன். இரண்டாம் நாள் காலை, இடுப்பளவு அலையொன்றில், கால் நடுங்க எழுந்து நின்றாள். நான்கைந்து விநாடிதான் இருக்கும். கரைக்கு வந்தபோது கால்முட்டி சிராய்த்து, முடியெல்லாம் உப்பேறி விறைத்து, பலகையில் பூசிய மெழுகு சட்டையெல்லாம் அப்பியிருந்தது. ஒரு வார்த்தை பேசவில்லை. பலகையைத் திருப்பிக்கொண்டு மறுபடி கடலுக்குள் போய்விட்டாள்.

பெண்பிள்ளைக்கு எதற்கு என்று கேட்டவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். என் அம்மம்மா ஆறு முறை கதிர்காமத்துக்குப் பாதயாத்திரை போனவர். தலையில் மூட்டையோடு இதே பொத்துவில் வழியாக, பாணமை தாண்டி, உகந்தை முருகனைக் கும்பிட்டுவிட்டு, குமண, யால காடுகளுக்குள் நாள் கணக்கில் நடப்பார். யானையும் கரடியும் திரியும் காடு. ஆற்று மணலில் ஊற்றுத் தோண்டித் தண்ணீர் குடிப்பார்கள், மரத்தடியில் படுப்பார்கள். அலைச்சறுக்குக்காரர்கள் வருகிற அதே மாதங்களில்தான் இன்றும் அந்த வழியில் கூட்டம் கூட்டமாகப் பெண்கள் நடக்கிறார்கள். அம்மம்மா கறுத்துவிடுவார் என்று அன்றைக்கு யாரும் தடுத்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. துணிவும் உடல் வலிமையும் நம் பெண்களுக்குப் புதிதல்ல. பக்தியின் பெயரில் போனால் மட்டும் சரி, விளையாட்டின் பெயரில் போனால் பிழை என்பதை நான் ஏற்கமாட்டேன்.

அறுகம்பேயிலேயே 2018இல் பெண்களுக்கென்று ஓர் அலைச்சறுக்குச் சங்கம் தொடங்கினார்கள். இலங்கையில் அதுதான் முதலாவது. வீட்டு வேலையை முடித்துவிட்டுத் தாய்மாரும் அலைக்குப் போனார்கள், ஊர் வாயையும் தாங்கினார்கள். அவர்கள் திறந்துவிட்ட வழியில்தான் என் மகள் போனாள்.

நான் படிப்பிக்கும் பள்ளியில் கூரைமேல் ஏறினால் கடல் தெரியும். நீந்தத் தெரிந்த மாணவிகளை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம். ஏப்ரல் மாதத்தில் அலை சிறிதாக இருக்கும், ஹோட்டல்களிலும் இன்னும் கூட்டம் வந்திருக்காது, பலகைகள் சும்மா அடுக்கிக் கிடக்கும். அந்த ஒரு மாதம், வாரத்துக்கு ஒரு காலை, கரையோரப் பள்ளிப் பிள்ளைகளுக்கென்று ஒதுக்கினால் என்ன? முதலில் நீச்சல், பிறகு கடலின் இழுவையைப் படிக்கும் பழக்கம், அதன் பிறகு பலகை. பொத்துவில் இளைஞர்கள் பலர் இலவசமாகவே சொல்லிக்கொடுக்கத் தயாராக இருக்கிறார்கள். நான் கேட்டுவிட்டுத்தான் வந்தேன். தடையாக நிற்பது பெற்றோரின் கையெழுத்து. அதில் என் அம்மாவின் கையெழுத்தும் அடக்கம் என்பதும் எனக்குத் தெரியும். நாங்கள் போனதை அம்மாவுக்குச் சொல்லவே இல்லை.

திரும்பி வந்த அன்று இரவு காணொளியைக் காட்டினேன். கோபிக்கவில்லை. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மறுபடி போடச் சொன்னார். நான்காவது தடவை ஓடியபோதுதான் கவனித்தேன். மகள் அலைக்குள் விழுந்து மறைந்ததிலிருந்து தலை வெளியே தெரியும்வரை, அம்மா மடியில் விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்தார்.