ஒப்பரேசனுக்கு முதல் எம்.ஆர்.ஐ. எடுத்தாச்சா?

மலக்குடலில் புற்றுநோய் என்று பயொப்சி (கட்டியில் சிறு துண்டு எடுத்துப் பார்க்கிற சோதனை) றிப்போட் வந்ததும் நம்ம பக்கத்துச் சனம் கேட்கிற முதல் கேள்வி, "எப்ப வெட்டி எடுப்பாங்க?" காத்தான்குடியிலும் சரி கல்முனையிலும் சரி, வீட்டில் கூடுகிற சொந்தக்காரர் எல்லாரும் அதையேதான் சொல்வார்கள், கடன்பட்டாவது நாளைக்கே ஒப்பரேசன் செய்யுங்க என்று. எங்கள் வீட்டிலும் அந்தப் பயம் வந்து போனதுதான், அதனால் யாரையும் குறை சொல்ல மனம் வரவில்லை. ஆனாலும் இந்த நோயில் எம்.ஆர்.ஐ. ஸ்கேன் பார்க்காமல் கத்தி வைக்க அவசரப்படுவது ஆபத்து.

"ஸ்கேன் எல்லாம் எடுத்தாச்சு" என்பார்கள், கிளினிக் கொப்பியை வாங்கிப் பார்த்தால் சி.டி. மட்டும்தான் இருக்கும். சி.டி.யும் வேணும்தான், நோய் ஈரலுக்கோ நுரையீரலுக்கோ போயிருக்கிறதா என்று அதில்தான் பார்ப்பார்கள். ஆனால் இடுப்புக்குள்ளே கட்டி எவ்வளவு ஆழம் இறங்கியிருக்கிறது என்பதை எம்.ஆர்.ஐ. மாதிரி அது துல்லியமாகக் காட்டாது. மலக்குடலைச் சுற்றிக் கொழுப்பு, அந்தக் கொழுப்பைச் சுற்றி ஒரு மெல்லிய உறை. அந்த உறை கிழியாமல் கொழுப்போடு சேர்த்து முழுசாக எடுத்தால் நோய் அதே இடத்தில் திரும்புவது நன்றாகக் குறையும் என்று 1980களிலேயே காட்டியவர் பில் ஹீல்ட் என்ற ஆங்கிலேயச் சத்திரசிகிச்சை நிபுணர். சரி, கட்டி அந்த உறைக்கு 1 மில்லிமீற்றர் கிட்ட வந்துவிட்டால்? நேரே வெட்டினால் ஓரத்தில் நோய் மிஞ்சலாம், அதனால்தான் முதலில் கதிர் சிகிச்சையும் கீமோவும் கொடுத்துச் சுருக்கப் பார்க்கிறார்கள். கட்டி குடல் சுவருக்குள்ளேயே நிற்கிறது, நிணநீர்க் கணுக்களிலும் ஒன்றும் இல்லை என்றால் பெரும்பாலும் கதிர் இல்லாமலே ஒப்பரேசனுக்குப் போகலாம். தேவையில்லாமல் கதிரை வாங்கினால் பிறகு மலம் அடக்குவதிலும் தாம்பத்தியத்திலும் சிக்கல் வரலாம், இளம் பெண்களுக்குக் கருப்பையும் சூலகமும் பாதிக்கப்படும். வெட்டுகிற ஓரத்தில் நோய் மிஞ்சாமல் தப்புமா என்பதை எம்.ஆர்.ஐ. முன்கூட்டியே நன்றாகச் சொல்லும் என்று 2006இல் வந்த மெர்குரி என்ற ஆய்வு 408 நோயாளிகளில் காட்டிவிட்டது. இது நேற்று வந்த புதுமை கிடையாது.

அடுத்தது இரண்டாவது ஸ்கேன். கதிர் சிகிச்சை முடிந்து சில வாரம் கழித்துத் திரும்ப எம்.ஆர்.ஐ. எடுக்க வேண்டும். மகரகம புற்றுநோய் ஆஸ்பத்திரிக்கு அலைந்து களைத்துப்போன குடும்பம் "அதுதான் ஏற்கனவே எடுத்ததே" என்று விடப் பார்க்கும், தயவுசெய்து விடாதீர்கள். சிலருக்குக் கட்டி முழுசாகவே மறைந்திருக்கும். எம்.ஆர்.ஐ.யிலும் குடலுக்குள் விட்டுப் பார்க்கிற கமராவிலும் விரல் பரிசோதனையிலும் ஒன்றுமே இல்லை என்றால், ஒப்பரேசனைத் தள்ளிவைத்துக் கண்காணிக்கிற வழி இருக்கிறது. பிரேசிலில் அஞ்சலிட்டா ஹபர்-காமா என்ற வைத்தியர் தொடங்கியது அது. நிரந்தரமாக வயிற்றில் மலப் பை வைத்துக்கொள்ள வேண்டிய ஒருவருக்கு அந்த வாய்ப்பு எவ்வளவு பெரிது என்று யோசித்துப் பாருங்கள்.

ஆனால் அப்படி விட்டவர்களில் ஏறக்குறைய நாலில் ஒருவருக்கு இரண்டு வருடத்துக்குள் கட்டி திரும்ப முளைக்கிறது. நேரத்தோடு கண்டால் பெரும்பாலும் வெட்டி எடுத்துவிடலாம், அதற்காகச் சில மாதத்துக்கு ஒருமுறை தவறாமல் வந்து பார்க்க வேண்டும். பொத்துவிலில், திருக்கோவிலில் நாட்கூலிக்குப் போகிற ஒருவர் அன்றைய கூலியை விட்டு, பஸ் காசும் துணைக்கு ஓர் ஆளும் தேடி அத்தனை தடவை வர முடியுமா? முடியாது என்றால் அந்த வழியை எடுக்காதீர்கள் என்றுதான் நான் சொல்வேன். வெட்கப்படாமல் கிளினிக்கிலேயே அதைச் சொல்லுங்கள், வைத்தியர் அதையும் கணக்கில் எடுத்துத்தான் முடிவு சொல்ல வேண்டும்.