கதவுக்கு வெளியே அப்பாவின் குரல்

காணாமல் போன அப்பாவைத் தேடிப் போகும் பிள்ளை கடைசியில் அவரை ரத்தக் காட்டேரியாகக் கண்டுபிடிக்கும் கதை. பேய்ப்படம் பார்ப்பவர்களுக்கு இந்த ஒற்றை வரி பழகிப்போன ஒன்று. எனக்கு இன்னும் பழகவில்லை. இந்த வகையில் எந்தப் படம் வந்தாலும் தேடிப்பிடித்துப் பார்த்துவிடுவேன். பார்த்து முடித்ததும் பெரும்பாலும் கோபம்தான் மிஞ்சும். ஏன் கோபம் என்று சொல்ல இத்தனை நாள் வாய் வரவில்லை. இன்று சொல்லிவிடுகிறேன்.

எனக்கு ஒன்பது வயதில் அப்பா வீட்டை விட்டுப் போனார். சண்டை எதுவும் நடக்கவில்லை, கடிதமும் இல்லை. காலையில் போனவர் இரவு வரவில்லை, மறுநாளும் வரவில்லை. பன்னிரண்டு வருடம் கழித்துத்தான் வந்தார். அதைப் பிறகு சொல்கிறேன்.

முதல் இரண்டு வருடம் நான் மனதுக்குள் கதை கட்டிக்கொண்டே இருந்தேன். அப்பாவை யாரோ கடத்திவிட்டார்கள். தலையில் அடிபட்டு எல்லாம் மறந்துவிட்டது. எங்கோ ஒரு இருட்டறையில் கட்டிப்போட்டிருக்கிறார்கள், தினமும் என் பெயரைச் சொல்லிக்கொண்டிருக்கிறார். கதை எப்படி மாறினாலும் அதில் ஒன்று மட்டும் மாறாது. அவராகப் போகவில்லை.

இந்தப் படங்களும் இதைத்தான் செய்கின்றன. உன் அப்பா உன்னை விட்டுப் போகவில்லை, அவரை ஏதோ கடித்துவிட்டது, உன்னிடம் நெருங்கினால் உன்னையே குடித்துவிடுவோம் என்று பயந்துதான் விலகி இருந்தார் என்கின்றன. தகப்பனுக்காகப் பிள்ளை மனதுக்குள் தயாரித்து வைத்திருக்கும் சாக்கு இது. அதையே திரையில் போட்டுக் காட்டினால் எந்தப் பிள்ளைதான் அழாது? நானும் அழுதிருக்கிறேன். வீட்டுக்கு வந்து படுத்த பிறகுதான் கோபம் வரும். ஏனென்றால் இப்படிப்பட்ட படத்தின் கடைசிப் பத்து நிமிடத்தில் அப்பா மனம் மாறி, பெரிய காட்டேரியின் மேல் பாய்ந்து, பிள்ளைக்காகத் தன்னை எரித்துக்கொள்வார். விட்டுப் போன அத்தனை வருடத்துக்கும் அந்த ஒரு பாய்ச்சலில் கணக்குத் தீர்ந்துவிடும். பிள்ளை மன்னித்ததா இல்லையா என்று ஒருவரும் கேட்பதில்லை. எரிந்து போனவரிடம் யார் என்ன கேட்க முடியும்?

அந்தச் சாக்கை நீட்டாத கதை ஒன்று இருக்கிறது. அலெக்ஸி கான்ஸ்டான்டினோவிச் டால்ஸ்டாய் 1839இல் பிரெஞ்சு மொழியில் எழுதியது. (லியோ டால்ஸ்டாய் வேறு. இவர் அவருக்கு உறவுக்காரர்.) செர்பியக் கிராமம் ஒன்றில் நடக்கும் கதை. கோர்ச்சா என்ற பெரியவர் ஒரு கொள்ளைக்காரனை வேட்டையாடக் கிளம்புகிறார். கிளம்பும்போது மகன்களிடம் சொல்கிறார்: பத்து நாள் காத்திருங்கள். அதற்குள் வராவிட்டால் நான் செத்துவிட்டேன் என்று பிரார்த்தனை செய்யுங்கள். பத்து நாள் கடந்து வந்தேன் என்றால், நான் உங்கள் அப்பா என்பதையே மறந்துவிடுங்கள். என்ன சொன்னாலும் உள்ளே விடாதீர்கள், நெஞ்சில் கழுமரத்தை இறக்கிவிடுங்கள்.

அவர் திரும்பி வருவது கெடு முடியும் அதே நேரத்தில். முன்னாலா, பின்னாலா? யாருக்கும் உறுதியாகத் தெரியவில்லை. எனக்கு இந்த இடம்தான் கதையின் உயிர். ஒரு மணி நேரம் தாமதமாக வந்திருந்தால்கூட முடிவெடுத்திருப்பார்கள். கெடுவின் விளிம்பில் வந்து நிற்பவரை என்ன செய்வது?

தந்தை சொல் மிக்க மந்திரம் இல்லை என்று சின்ன வயதில் மனப்பாடம் செய்தோம். இங்கே தந்தை சொல் இரண்டு இருக்கின்றன. போகும்போது சொன்னது, என்னை உள்ளே விடாதே. வந்தபின் சொல்வது, ஏன் இப்படி நிற்கிறீர்கள், நகருங்கள். இரண்டும் ஒரே குரல். பிள்ளைகள் எந்த மந்திரத்துக்குக் கட்டுப்படுவார்கள்? எதிரில் நின்று அதட்டுகிற குரலுக்குத்தான். வீட்டு நாய் அவரைப் பார்த்து ஊளையிடுகிறது, கிட்டே வர மறுக்கிறது. அதைச் சுடு என்கிறார் அப்பா. மகன்களில் ஒருவன் சுட்டும்விடுகிறான். உண்மையைக் கண்டுகொண்ட ஒரே ஜீவன் அந்த நாய்தான். அதற்கு வந்தவரின் வாசனை தெரிந்தது. பிள்ளைகளுக்கு அவர் அப்பாவாக இருந்தே ஆக வேண்டியிருந்தது.

அந்தக் கதையில் இன்னொன்று உண்டு. வூர்தலாக் என்று அங்கே சொல்லப்படும் இந்தக் காட்டேரிகளுக்குக் கண்ணில் பட்டவர்களின் ரத்தம் ருசிக்காது. மிக நெருங்கிய உறவினர்களின், உயிர் நண்பர்களின் ரத்தம்தான் வேண்டும். நாம் ரத்த பந்தம் என்கிறோம், நீ என் ரத்தம் என்கிறோம், தான் ஆடாவிட்டாலும் தன் சதை ஆடும் என்கிறோம். பாசத்தைச் சொல்ல நமக்கு ரத்தமும் சதையும்தான் வார்த்தை. அந்த வார்த்தையைச் சொன்னபடியே எடுத்துக்கொண்டு ஒரு தகப்பன் வாசலில் வந்து நின்றால் எப்படி இருக்கும் என்பதுதான் இந்தக் கதை. பல் கூர்மையாக இருப்பது அதில் சின்ன விஷயம்.

இதை மரியோ பாவா என்ற இத்தாலிய இயக்குநர் 1963இல் எடுத்தார். மூன்று கதைகள் கொண்ட பிளாக் சப்பாத் படத்தில் ஒரு கதையாக இது வரும். பத்து நாள் என்பது அதில் ஐந்து நாள். அப்பாவாக போரிஸ் கார்லாஃப். பேரனை அவர் தூக்கிக்கொண்டு போய்விடுகிறார். பிறகு ஒரு இரவில், இறந்த அந்தக் குழந்தை வீட்டுக்கு வெளியே நின்று அம்மா, குளிருகிறது என்று அழுகிறது. கதவைத் திறக்க ஓடும் தாயைக் கணவன் தடுக்கிறான். அவள் அவனைக் கத்தியால் குத்திவிட்டுப் போய்க் கதவைத் திறக்கிறாள். வாசலில் நிற்பவர் தாத்தா. அந்தத் தாயை முட்டாள் என்று யாராவது சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். இந்தக் குரல் என் பிள்ளையுடையது இல்லை என்று தீர்மானிக்கும் அறிவு, அந்தக் குரலைக் கேட்கும்போது எங்கிருந்து வரும்?

2023இல் ஏட்ரியன் போ என்ற பிரெஞ்சு இயக்குநர் இதே கதையை மறுபடி எடுத்தார். அதில் திரும்பி வரும் அப்பா ஒரு பொம்மை. ஆள் உயரத்துக்குச் செய்த, எலும்பும் தோலுமான பொம்மலாட்டப் பொம்மை. குரல் கொடுத்தவர் இயக்குநரே. முதலில் பார்த்தபோது இது எடுபடாது என்று நினைத்தேன். கொஞ்ச நேரத்தில் தொண்டை அடைத்தது. மேசையைச் சுற்றிக் குடும்பம் உட்கார்ந்திருக்கிறது. அப்பாவின் இடத்தில் உயிரில்லாத ஒரு பொருள். மூத்த மகன் அதை அப்பா என்று கூப்பிடுகிறான், அதன் அதட்டலுக்குப் பணிகிறான். பார்க்கிற நமக்கு அது பொம்மை என்று தெரிகிறது, அவனுக்கு மட்டும் தெரியவில்லை. எங்கள் வீட்டில் பல வருடம் அப்படி ஒரு காலி இடத்தைச் சுற்றித்தான் உட்கார்ந்திருந்தோம்.

இதெல்லாம் எழுத்தாளர்களின் கற்பனை என்று விட்டுவிட முடியாது. 1725இல் செர்பியாவின் கிசிலியேவோ கிராமத்தில் பேதர் பிளாகோயெவிச் என்பவர் இறந்தார். அதன்பின் எட்டு நாளில் ஒன்பது பேர் இறந்தார்கள். அவர்தான் இரவில் வந்து கழுத்தை நெரித்தார் என்று சாகும் முன் சொன்னதாக ஆஸ்திரிய அதிகாரி ஒருவர் எழுதிய அறிக்கையில் இருக்கிறது. வியன்னாவின் செய்தித்தாளிலும் அது வெளிவந்தது. பிணத்தைத் தோண்டிப் பார்த்தார்கள். வாயில் ரத்தம் இருந்ததாம், புது நகம் வளர்ந்திருந்ததாம். இதற்குப் பின்னாளில் விளக்கம் வந்துவிட்டது. உள்ளே சேரும் வாயு உடலை உப்ப வைத்து, ரத்த நிறத் திரவத்தை வாய் வழியாகத் தள்ளும். தோல் உரியும்போதும் சுருங்கும்போதும் நகம் புதிதாக வளர்ந்தது போலத் தெரியும். சரி, அது பிணத்தைப் பற்றிய விளக்கம். அந்த அறிக்கையில் என்னை உலுக்கியது வேறு ஒரு வரி. இறந்தவர் தன்னிடம் வந்து தன் செருப்பைக் கேட்டார் என்று அவர் மனைவி சொல்லியிருக்கிறார். சொல்லிவிட்டு அந்தக் கிராமத்தை விட்டே போய்விட்டார்.

ரத்தம் கேட்கவில்லை, செருப்பைக் கேட்டிருக்கிறார். அப்பா போன பிறகு என் அம்மா அவருடைய செருப்பை வாசலில் இருந்து எடுக்கவே இல்லை. இரண்டு வருடம் அது அங்கேயே தூசி படிந்து கிடந்தது. முன்னூறு வருடத்துக்கு முந்தைய அந்த வரியைப் படித்த அன்று நான் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன்.

தேடல் என்றால் எனக்கு மிகவும் பிடித்த படம் கேத்ரின் பிகலோ 1987இல் எடுத்த நியர் டார்க். அதில் தேடுகிறவர் அப்பா. மகனைக் காட்டேரிக் கும்பல் கொண்டுபோய்விடுகிறது. கால்நடை மருத்துவரான தகப்பன் தன் சின்ன மகளையும் கூட்டிக்கொண்டு தேடி அலைகிறார். கிடைத்த மகனுக்குத் தன் ரத்தத்தையே ஏற்றுகிறார், அவன் மனிதனாகிவிடுகிறான். இவ்வளவு சுலபமா என்று சிலர் குறை சொல்வார்கள். எனக்கு அதில் குறையே தெரியவில்லை. அப்பா தேடினால் ரத்தம் கொடுக்கிறார். பிள்ளை தேடினால் பிள்ளையிடம் இருந்து ரத்தம் போகிறது. தேடுகிற எல்லாப் பிள்ளைக்கும் தெரிந்த கணக்கு இது. படிப்பு, தூக்கம், அம்மாவின் சிரிப்பு என்று ஏதாவது ஒன்று தினமும் கொஞ்சம் போய்க்கொண்டே இருக்கும்.

பாலின் பாஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1970களில், வியட்நாம் போரில் காணாமல் போன விமானிகளின் குடும்பங்களைச் சந்தித்துப் பேசினார். இறந்தாரா இருக்கிறாரா என்று தெரியாத இழப்பில் துக்கம் உறைந்து நின்றுவிடுகிறது என்று அவர் எழுதியிருக்கிறார். அழுது முடிக்கவும் முடியாது, அழாமல் இருக்கவும் முடியாது. காட்டேரியும் அதே இடத்தில்தான் நிற்கிறது, சாகாத பிணமாக. இந்த இரண்டும் ஒன்று என்று தெரிந்து எடுக்கும் இயக்குநருக்கு இரும்புச் சிலுவையும் வெள்ளித் தோட்டாவும் வைத்து ஒரு சண்டைக் காட்சி தேவைப்படாது.

எனக்கு ஒரு படம் பார்க்க ஆசை. மகள் ஒருத்தி கையில் அப்பாவின் பழைய புகைப்படத்தோடு இருபது வருடம் தேடுகிறாள். படம் மங்குகிறது, ஓரம் கிழிகிறது, அவளுக்கு நரை விழுகிறது. கடைசியில் அவர் கிடைக்கிறார். புகைப்படத்தில் இருக்கும் அதே முகம். ஒரு சுருக்கம் கூடவில்லை. அவளைவிட வயது குறைந்த அப்பா. அவர் சிரிக்கும்போது அதில் தன் மூக்கு, தன் கன்னக் குழி தெரிகிறதா என்று பார்க்க, இருவரையும் சேர்த்துக் கண்ணாடியில் பார்க்கிறாள். அதில் அவள் மட்டும்தான் இருக்கிறாள். காட்டேரிக்குப் பிம்பம் கிடையாது என்று டிராகுலா நாவலில் பிராம் ஸ்டோக்கர் 1897இல் எழுதியது எத்தனையோ படங்களில் வந்துவிட்டது. அப்பாவின் முகத்தில் தன்னைத் தேடும் பிள்ளைக்கு அந்தக் காலிக் கண்ணாடி என்னவாக இருக்கும் என்று யோசித்து எடுத்த ஒரு காட்சியை நான் இன்னும் பார்க்கவில்லை.

அப்புறம் அந்தக் கதவு. அழைக்காமல் காட்டேரி உள்ளே வர முடியாது. இதுவும் ஸ்டோக்கரின் நாவலில் இருக்கிறது. 2008இல் வந்த லெட் த ரைட் ஒன் இன் என்ற ஸ்வீடன் படத்தில் ஒரு பையன், தன்னைத் தேடி வந்த குட்டிக் காட்டேரியை அழைக்காவிட்டால் என்னதான் ஆகும் என்று பார்க்கிறான். அழைக்காமலே உள்ளே வந்த அந்தக் குட்டிக் காட்டேரியின் உடலெங்கும் ரத்தம் கசிகிறது. பதறிப் போய், உள்ளே வரலாம் என்று சொல்லிவிடுகிறான். விதிகளிலேயே மிகவும் வேதனையான விதி இது. பல்லும் பலமும் வெளியே நிற்பவரிடம், முடிவு மட்டும் உள்ளே நிற்கும் பிள்ளையிடம். அப்பாவைத் தேடும் படம் இந்த வாசலில்தான் நின்று நிதானிக்க வேண்டும். அவசரமாக வெட்டி அடுத்த காட்சிக்குப் போகக் கூடாது. ஐந்து நிமிடம் ஆனாலும் கேமரா அங்கேயே நிற்கட்டும்.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், நான் அங்கே நின்றிருக்கிறேன். எனக்கு இருபத்தோரு வயது. மாலையில் கதவைத் தட்டும் சத்தம். திறந்தேன். மெலிந்த, பல் விழுந்த ஒரு மனிதர். எனக்கு அடையாளம் தெரியவில்லை. சுவரில் மாட்டியிருந்த புகைப்படத்தின் முகத்தைத்தான் நான் அப்பா என்று வைத்திருந்தேன், அது வயதாகாமல் அப்படியே இருந்தது. அவர் என் பெயரைச் சொன்னார். குரல் மாறியிருக்கவில்லை.

"உள்ளே வரலாமா?" என்று கேட்டார்.

பின்னால் அம்மா வந்து நின்றது தெரிந்தது. அவள் ஒன்றும் பேசவில்லை. என்னையே பார்த்தாள். எவ்வளவு நேரம் அப்படி நின்றோம் என்று தெரியாது. அவர் கை நடுங்கிக்கொண்டிருந்தது. காலை வாசற்படிக்கு இந்தப் பக்கம் எடுத்து வைக்கவே இல்லை.

"வாங்க" என்றேன். அதோடு அப்பா என்ற சொல் சேரவில்லை.

உள்ளே வந்தவர் உட்காரவில்லை. சுவரில் இருந்த தன் படத்தின் முன்னால் போய் நின்று வெகுநேரம் பார்த்தார். "இது எப்ப எடுத்தது?" என்று கேட்டார். அம்மாதான் பதில் சொன்னாள்.