அப்பா வளைத்துப் பார்த்ததும் பார்க்காததும்

போன ஞாயிற்றுக்கிழமை சிங்கப்பூரில், உட்லண்ட்ஸில் இருக்கும் அண்ணன் வீட்டில் எல்லோருக்கும் சாப்பாடு. சாப்பிட்டு முடித்ததும் ஒரு விளையாட்டு சொன்னேன். 2, 4, 6. இந்த மூன்று எண்களும் என் மனதில் இருக்கும் ஒரு விதிக்குப் பொருந்தும். நீங்களும் மூன்று மூன்று எண்ணாகக் கேளுங்கள், பொருந்துமா பொருந்தாதா என்று மட்டும் சொல்வேன், விதி பிடிபட்டதும் சொல்லுங்கள். அண்ணன் பொறியாளர், கணக்கில் புலி. 8, 10, 12 என்றார். பொருந்தும். 20, 22, 24. பொருந்தும். 100, 102, 104. அதுவும் பொருந்தும். "இரண்டிரண்டா கூடிக்கிட்டே போகுது, அவ்வளவுதானே?" இல்லை என்றேன். அவரால் நம்பவே முடியவில்லை. சோபாவில் சாய்ந்திருந்த அப்பா, "1, 7, 500?" என்று கேட்டார். பொருந்தும். "சரி, 9, 3, 1?" பொருந்தாது. "அப்ப ஏறு வரிசையில இருந்தா போதும்" என்றார். அதுதான் விதி.

லண்டனில் பீட்டர் வேசன் என்ற உளவியலாளர் 1960இல் வெளியிட்ட சோதனை இது. பல்கலைக்கழக மாணவர்களிலேயே பெரும்பாலோர் முதல் முறை தப்பாகத்தான் சொன்னார்கள். தாங்கள் நினைத்தது சரி என்று காட்டக்கூடிய எண்களை மட்டுமே கேட்டுக்கொண்டிருந்தார்கள், நினைப்பை உடைக்கக்கூடிய எண்ணைக் கேட்கத் தோன்றவில்லை.

அப்பா ஐந்தாவதோடு படிப்பை நிறுத்தியவர். செம்பவாங் பக்கம் கப்பல் பட்டறையில் முப்பது வருஷம் வெல்டர். "எப்படிப்பா கண்டுபிடிச்சீங்க" என்று கேட்டதற்கு பெண்ட் டெஸ்ட் பற்றிச் சொன்னார். இரண்டு தகடுகளை வெல்டிங் செய்து, அதிலிருந்து ஒரு பட்டையை வெட்டி, அழுத்தும் எந்திரத்தில் வைத்து 'ப' மாதிரி வளைப்பார்களாம். வெளி வளைவில் விரிசல் வாய் பிளந்தால் அந்த வெல்டு தேறாது. "மேலால பார்த்தா எல்லா வெல்டும் அழகாத்தான் இருக்கும். வளைச்சாத்தான் தெரியும்." சட்டியில் வடை பொரிகிற மாதிரி சத்தம் ஒரே சீராக வருகிறதா என்று கேட்டே வேலை ஒழுங்காகப் போகிறதா என்று சொல்லிவிடுவார். ஐம்பது வயதுக்கு மேல் பட்டறையில் புது முறை வந்தபோது, இருபத்து மூன்று வயது பங்களாதேஷ் தம்பி ஒருவரிடம் கூச்சப்படாமல் உட்கார்ந்து கற்றுக்கொண்டவர் அவர்.

அறிவில் பல வகை உண்டு என்று ஹோவர்ட் கார்ட்னர் என்ற அமெரிக்க உளவியலாளர் 1983இல் சொன்னார். மொழி, கணக்கு, இசை, இட உணர்வு, உடல் திறன், பிறரைப் புரிந்துகொள்வது, தன்னைப் புரிந்துகொள்வது என்று ஏழு. பிறகு இயற்கையைக் கூர்ந்து அறிவதையும் சேர்த்துக்கொண்டார். போதுமான ஆதாரம் இல்லை என்று உளவியலாளர்கள் பலர் ஏற்கவில்லை, அந்தச் சண்டை எனக்கு முக்கியமில்லை. அப்பாவின் காதிலும் கையிலும் இருந்ததை அறிவு என்று சொல்ல எனக்கு யார் அனுமதியும் வேண்டாம். எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. அந்தப் பட்டியலில் திறந்த மனது இல்லை. இருக்கவும் முடியாது என்றுதான் நினைக்கிறேன், ஏனென்றால் எந்த வகை அறிவு இருந்தாலும் அதோடு சேர்ந்து இது தானாக வந்துவிடுவதில்லை.

இதை நான் சும்மா சொல்லவில்லை. ஹார்வர்டில் டேவிட் பெர்கின்ஸ் என்பவர் ஒரு பொது விஷயத்தைக் கொடுத்து இரண்டு பக்கத்துக்கும் காரணங்களைச் சொல்லச் சொன்னார். அறிவுத்திறன் மதிப்பெண் கூடக்கூட, தன் பக்கத்துக்குச் சொன்ன காரணங்கள் கூடின. எதிர்ப்பக்கத்துக்குச் சொன்னவை கூடவில்லை. இதைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் நான் 'ஜெயித்த' சண்டைகள் ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தன.

அதற்காக, படிக்காதவருக்கு மனது திறந்திருக்கும், படித்தவருக்கு மூடியிருக்கும் என்று யாரும் இதை எடுத்துக்கொள்ள வேண்டாம், அது பொய். என் கணவர் சீனர். கல்யாணப் பேச்சு எடுத்தபோது, வெல்டை வளைத்து வளைத்துப் பார்த்த அதே அப்பா, தன் நினைப்பை ஒரு தடவைகூட வளைத்துப் பார்க்கவில்லை. ஐந்து வருஷம் எங்கள் வீட்டு வாசலை மிதிக்கவில்லை. நான் எத்தனை நியாயம் பேசினேனோ அத்தனைக்கும் பதில் வைத்திருந்தார். கடைசியில் அவரை அசைத்தது என் பேச்சு இல்லை. எங்கள் வீட்டு இரும்புக் கேட்டில் கீல் விட்டுப்போனபோது என் கணவர் அவருக்கு ஃபோன் செய்து, அரைகுறைத் தமிழில், "மாமா, இதை எப்படிச் சரி செய்வது?" என்று கேட்டார். மறுநாள் காலை ஏழு மணிக்கு அப்பா கருவிப் பெட்டியோடு வாசலில் நின்றார். ஒரே ஆளுக்குள் ஓர் அறை திறந்தும் இன்னோர் அறை பூட்டியும் இருக்கிறது. தனக்குத் தெரியும் என்று உறுதியாக நம்புகிற இடத்தில் ஒருவரால் கேள்வி கேட்க முடிகிறது, பயப்படுகிற இடத்தில் முடிவதில்லை.

இப்போது நான் ஒரு பழக்கம் வைத்திருக்கிறேன். குழுவில் சண்டை போடுவதற்கு முன்னால், எதிராளி பக்கம் மூன்று காரணங்களை, அவரே படித்தால் ஆமாம் என்று சொல்லும்படி எழுதிப் பார்ப்பேன். இந்த மாதச் சண்டை அண்ணன் மகளின் டியூஷன் பற்றி. தொடக்கநிலை மூன்றில் படிக்கிற பிள்ளைக்கு வாரம் நான்கு வகுப்பு. எனக்கு வயிறு எரிகிறது. 2024இல் உயர்நிலை ஒன்றில் சேர்ந்தவர்கள் தொடங்கி, வேகமாகப் படிப்பவர்களுக்கு விரைவு, மற்றவர்களுக்கு வழக்கம் என்று பிள்ளைகளைத் தனித்தனிப் பிரிவாகப் பிரித்து வைப்பதே இல்லை, பாடத்துக்குப் பாடம் நிலை மாறலாம், இன்னும் எதற்கு இந்த ஓட்டம் என்பது என் வாதம். அண்ணன் பக்கம் எழுத உட்கார்ந்தால் இரண்டு காரணம்தான் வந்தது. மூன்றாவது வரவில்லை. அதனால் அவரிடமே கேட்டேன், சண்டைக்கு இல்லாமல்.

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். 1984இல் அவர் தொடக்கநிலை மூன்று. அந்தக் காலத்தில் அந்த வயதிலேயே பிரித்துவிடுவார்கள். மெதுவாகப் படிப்பவர்கள் என்று ஒதுக்கப்பட்டவர்களுக்குத் தொடக்கப்பள்ளி ஆறு வருஷம் இல்லை, எட்டு வருஷம். அண்ணன் எட்டு வருஷம் படித்தவர், அது எனக்கும் தெரியும். தெரியாதது அவர் அப்புறம் சொன்னது. பதின்மூன்று வயதில், புளோக்கில் கூட விளையாடிய பையன்கள் எல்லோரும் உயர்நிலைப்பள்ளிச் சீருடையில் மின்தூக்கிக்குக் காத்திருப்பார்களாம். தன் சீருடையை அவர்கள் பார்த்துவிடக்கூடாது என்று, இரண்டு வருஷமும் தினமும் காலையில் பதினோராவது மாடியிலிருந்து படியிலேயே இறங்கிப் போயிருக்கிறார்.