ஆயில் சொட்டினால் ரீபோரா?

"பழைய அம்பாசடருக்கு அடியில் ஆயில் சொட்டினால் பிஸ்டன் ரிங் போச்சு, ரீபோர்தான் வழி" என்று காரைக்குடிப் பக்கம் வாட்ஸ்அப்பில் ஒரு தகவல் சுற்றுகிறது. (ரீபோர் என்றால் இன்ஜின் சிலிண்டரைக் கடைந்து பெரிதாக்கும் வேலை.) அது சரியல்ல. பிஸ்டனைச் சுற்றியுள்ள ரிங் தேய்ந்தால் ஆயில் உள்ளேயே எரிந்து நீலப்புகை வரும். வெளியே சொட்டுவது பெரும்பாலும் கேஸ்கட் (இரு பாகங்கள் சேருமிடத்தில் வைக்கும் அடைப்பு) அல்லது ஆயில் சீல் (சுழலும் தண்டைச் சுற்றிய அடைப்பு வளையம்) கோளாறு.

சொட்டும் இடத்தை நம்பாதீர்கள். ஆயில் மேலிருந்து வழியும், ஓட்டக் காற்றில் பின்னால் போகும். ஆறிய இன்ஜினை மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்து, நன்றாகக் காய்ந்தபின் முகப்பவுடர் தூவி, தேவகோட்டை வரை போய் வாருங்கள். பவுடர் நனைந்த இடங்களில் எது உயரமோ, கசிவு அங்கேதான். (ஆத்தங்குடிக் கல் தளமென்றால் கசிவை அடைக்கும்வரை காருக்கு அடியில் அட்டை விரியுங்கள்.)

கசிவு இன்ஜினின் மேல்மூடியான டேப்பட் கவரில் என்றால் கார்க் கேஸ்கட்டை மாற்றினால் போதும். நட்டை ஓங்கி முறுக்கினால் கார்க் பிதுங்கி மறுபடி ஒழுகும். அப்புறம், இன்ஜினுக்குள் சேரும் காற்றை வெளியேற்றும் பிரீதர் குழாயையும் பாருங்கள். அது அடைத்திருந்தால் உள்ளழுத்தம் ஏறி, புது சீல் போட்டாலும் கசியும்.