உயர் விகிதம் முழு வருமானத்துக்கும் பொருந்தாது

வருமானம் அடுத்த வரிப் படிநிலைக்குள் சற்றே நுழைந்தாலும் மொத்தத் தொகைக்கும் உயர் விகிதமே விதிக்கப்படும் என்றும், அதனால் கூடுதலாக ஈட்டியவர் கையில் முன்பைவிடக் குறைவாகவே மிஞ்சும் என்றும் இங்கே பலர் பகிர்ந்துள்ளனர். வசதி படைத்தவர்கள் பொதுச் சேவைகளுக்கு எவ்வளவு தர வேண்டும் என்பதில் மாறுபட்ட கருத்துகளுக்கு இடமுண்டு. ஆனால் இந்தக் கணக்கு சரியல்ல என்பதைப் பணிவுடன் தெரிவிக்கிறேன்.

படிநிலை வருமான வரியில் ஒவ்வொரு விகிதமும் அந்தந்தப் படிக்குள் விழும் தொகைக்கு மட்டுமே பொருந்தும். முதல் 1,000க்கு 10 சதவீதம், அதற்கு மேல் 30 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். 1,000 ஈட்டுபவர் 100 செலுத்துவார். 1,010 ஈட்டுபவர் செலுத்துவது 103, நீங்கள் அஞ்சும் 303 அல்ல. கையில் நிற்பது 900இலிருந்து 907 ஆகிறது. அமெரிக்காவில் 1944இல் இருந்த 94 சதவீத உச்ச விகிதமும்கூட 2,00,000 டாலரைத் தாண்டிய வரிக்குரிய வருமானத்துக்கு மட்டுமே உரியதாக இருந்தது.

இதை எவரும் சரிபார்க்கலாம்: உங்கள் நாட்டு வரித்துறையின் கணிப்பானில் வரம்புக்குச் சற்றுக் கீழே ஒரு தொகையையும் சற்று மேலே ஒரு தொகையையும் இட்டு, வரி போக மிஞ்சுவதை ஒப்பிட்டுப் பாருங்கள். வரம்பைத் தாண்டியதும் சில சலுகைகள் நின்றுவிடும் ஏற்பாடு சில நாடுகளில் உண்டு. அது தனி விதியே தவிர, படிநிலை விகிதத்தின் விளைவு அல்ல.