ஜி-பிளான் 'டேனிஷ்' சைடுபோர்டு: செய்தது டென்மார்க்கில் அல்ல

"பழைய ஜி-பிளான் டேனிஷ் வரிசை டென்மார்க்கில் முழுத் தேக்கில் செய்தது, உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் புதுசாகிவிடும்" என்று சைடுபோர்டு (கதவும் டிராயரும் உள்ள நீளமான தாழ்வான அலமாரி) பற்றி ஒரு வாட்ஸ்அப் செய்தி சுற்றுகிறது. மூன்றுமே தவறு.

ஜி-பிளான் என்பது இங்கிலாந்தின் ஹை விக்கம் ஊரில் இயங்கிய இ. கோம் என்ற மரச்சாமான் நிறுவனம் 1953-ல் கொண்டுவந்த பிராண்டு பெயர். 1960-களின் தொடக்கத்தில் டேனிஷ் வடிவமைப்பாளர் இப் கோஃபோட்-லார்சனை வைத்து இந்த வரிசையை வரையச் செய்தார்கள். செய்தது ஹை விக்கத்தில்தான். அவ்வூர் மரச்சாமான் வரலாற்றை விக்கம் அருங்காட்சியகத்தில் பார்க்கலாம். டிராயருக்குள் இருக்கும் முத்திரையையும் லேபிளையும் முதலில் பாருங்கள்.

அடுத்து மரம். கால், கைப்பிடி போன்றவை பெரும்பாலும் முழு மரம். மேற்பலகையும் கதவும் பலகைமேல் ஒட்டிய தேக்கு வெனீர், அதாவது மெல்லிய மர ஏடு. ஓரத்தை டார்ச் அடித்துப் பார்த்தால், மேலே ஓடும் மர ரேகை பக்கவாட்டில் தொடராமல், மெல்லிய பட்டியின் கோட்டில் நின்றுவிடும். முழு மரமானால் ரேகை வளைந்து இறங்கும். இதில் ஏமாற்று ஒன்றுமில்லை, பெரிய பலகை வளையாமலிருக்க அதுவே நல்ல வேலை.

வெனீர் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. சொரசொரப்பான 80 எண் உப்புத்தாளோடு மின் இயந்திரத்தை வைத்தால், மூலைகளில் முதலில் அடிப்பலகை தெரியும். அதைத் திருப்ப முடியாது. அழுக்குக்கு, மறைவான இடத்தில் சோதித்துவிட்டு, ஒயிட் ஸ்பிரிட் (பெயின்ட் கரைக்கும் திரவம்) நனைத்த துணியால் ரேகை வாக்கில் துடைத்தால் போதும்.

அந்தச் செய்தி வந்தால், தயவுசெய்து ஃபார்வர்டு செய்யாதீர்கள்.