கன்னிமாராவின் பழைய மண்டபத்தில் மேசை போடுங்கள்

சென்னை எழும்பூர் கன்னிமாரா நூலகத்தைப் பற்றி யார் எழுதினாலும் ‘இந்தோ-சாரசெனிக் பாணி’, அதாவது இந்திய, இஸ்லாமிய, ஐரோப்பியக் கட்டடக்கலைகளின் கலவை, என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். வெளிச்சுவரைப் பற்றிச் சொல்ல அது போதும். பழைய வாசிப்பு மண்டபத்தின் அருமை உள்ளே போய் அண்ணாந்து பார்த்தால்தான் பிடிபடும்.

வளைந்து உயரும் கூரை. அதன் இரு பக்கமும் நீளவாக்கில் சின்னச் சின்ன வண்ணக் கண்ணாடிச் சன்னல்கள். தூண்களிலும் வளைவுகளிலும் இலையும் பூவுமாக வேலைப்பாடு. கீழே தேக்கு அலமாரிகள். பார்க்கிறவர்கள் வாய்பிளந்து படம் எடுக்கிறார்கள், எடுக்கட்டும். எனக்கு அந்தச் சன்னல்கள் இருக்கும் உயரத்தின் மேல்தான் கண். நூலகம் கட்டுகிறவருக்குத் தீராத ஒரு சங்கடம் உண்டு: சுவர் முழுக்கப் புத்தகம் வைக்க வேண்டும், அதே சுவரில் சன்னலும் வேண்டும். வெயில் நேராகப் பட்டால் தாள் பழுத்து நொறுங்கும். வெளிச்சமே இல்லையென்றால் எழுத்து தெரியாது. மின்விளக்கு பரவாத காலம் வேறு. சன்னலைக் கூரையோரம் ஏற்றிவிட்டால் சுவர் அலமாரிக்குக் கிடைத்துவிடும். வெயிலும் உறைப்புக் குறைந்து மேசைக்கு இறங்கும். உயரமான கூரை, புழுக்கத்தையும் தலைக்கு மேலே தூக்கிக்கொள்ளும். படிக்கிறவனை நினைத்துக் கட்டிய இடம் அது.

வடிவமைத்தவர் ஹென்றி இர்வின், கட்டியவர் நம்பெருமாள் செட்டியார். உயர் நீதிமன்றக் கட்டடத்திலும் இருவரின் பெயரும் சேர்ந்தே வரும். 1890 மார்ச்சில் அடிக்கல் நாட்டிய கன்னிமாரா பிரபு அந்த ஆண்டே ஆளுநர் பதவியை விட்டுப் போய்விட்டார். நூலகம் திறந்தது 1896 டிசம்பர் 5 அன்று. அவசரப்படாமல் கட்டியிருக்கிறார்கள் என்பது ஒவ்வொரு தூணிலும் தெரிகிறது.

இந்தியாவில் வெளியாகும் ஒவ்வொரு நூலிலும் ஒரு பிரதி பெறும் நான்கு நூலகங்களில் இதுவும் ஒன்று. 1954ஆம் ஆண்டுச் சட்டம் அப்படி. புத்தகம் வந்து குவியக் குவியப் பழைய கட்டடம் தாங்கவில்லை. 1970களில் புதிய கட்டடம் எழுந்தது. அதில் குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. ஆனால் அன்றாட வாசிப்பு முழுவதும் அங்கே போய்விட, படிப்பதற்கென்றே எழுப்பிய மண்டபம் பழைய நூல்களின் காப்பகமாகவும், வருகிறவர்கள் வியந்துவிட்டுப் போகும் காட்சிக்கூடமாகவும் ஒதுங்கிவிட்டது. இதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

அரிய நூல்களுக்கு ஆபத்து என்பார்கள். நியாயமான கவலைதான். பழைய தாளுக்கு ஈரமும் ஆகாது, தூசியும் ஆகாது, பல கை படுவதும் ஆகாது. அப்படியென்றால் மிக நலிந்த நூல்களை வெப்பமும் ஈரப்பதமும் கட்டுக்குள் இருக்கும் அறைக்கு மாற்றுங்கள். மின்னாக்கம் செய்த பிரதியை வாசகருக்குக் கொடுங்கள். தேக்கு அலமாரிகள் இருந்த இடத்திலேயே இருக்கட்டும். நடுவில் கொஞ்சம் மேசைகள், முன்பதிவு செய்து வருகிறவர்களுக்கு மட்டும், பை வெளியே, பேனாவுக்குப் பதில் பென்சில். அரிய ஆவணங்களைக் காக்கும் வாசிப்பறைகளில் உலகெங்கும் இருக்கிற விதிகள்தாம் இவை.

போட்டித் தேர்வுக்குப் படிக்க இடம் தேடி அலையும் பிள்ளைகளுக்கும் அதில் பங்கு வேண்டும், ஆய்வாளர்களுக்கு மட்டும் என்று கதவைச் சாத்திவிடக் கூடாது. முதலில் வாரத்தில் இரண்டு நாள் காலை வேளையிலாவது திறந்து பாருங்கள்; அந்த நேரத்தில் விளக்குகூடப் போட வேண்டியிருக்காது.